சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது

புதிதாகச் சேர்ந்திருக்கும் மக்களே, மீட்டர் பிடிக்கவும் டேப் சுற்றவும் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. அதையெல்லாம் மொபைலில் பார்த்து என்னைவிட நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். ஐந்து நிமிட வீடியோவில் ஒரு பையன் பழைய லேப்டாப் பேட்டரியை உடைக்கிறான், செல்லை எடுக்கிறான், பெட்டி கட்டுகிறான், சோலார் பேனலில் மாட்டி பல்பையும் எரியவிட்டு விடுகிறான். அவனுக்கு என்ன, அவன் பெட்டி அவன் மேசையில் இருக்கிறது. நம் பெட்டி வாடிக்கைக்காரரின் தலைக்கு மேலே பரணில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரிந்தவள் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் சாயாவைக் குடித்துக்கொண்டு கேளுங்கள்.

தாராவியில் பத்துக்குப் பத்து ஒர்க்‌ஷாப். முதலாளி ஒருவர், நான் ஒருத்தி. ஆபீஸ்களில் கழித்துப்போட்ட லேப்டாப் பேட்டரிகள் மூட்டை மூட்டையாக வரும். அதில் உயிரோடு இருக்கும் லித்தியம் செல்களைப் பொறுக்கி, பெட்டியாகக் கட்டி, கரண்ட் இல்லாத வீடுகளுக்கு சோலார் பேனலோடு கொடுப்போம். கண் மங்கி, டேப்பில் எழுதிய நம்பர் தெரியாமல் போகும்வரை இதே வேலைதான். முதலாளிக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து நான் வைத்திருந்தேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். மாட்டுங்காவில் ஒரு மாமி. மகன் ஆசைப்பட்டு மொட்டை மாடியில் பேனல் போட்டுக்கொடுத்திருந்தான். "பேட்டரி சார்ஜே ஆக மாட்டேங்கறது, நன்னா ஏமாத்திட்டேள்" என்று மாமி ஃபோனில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். மூச்சு வாங்க நான்கு மாடி ஏறிப் போய்ப் பார்க்கிறேன், பேனல் முழுவதும் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாக வடாம் பிழிந்து வைத்திருக்கிறார்.

"மாமி, இது என்ன?"

"கண்ணாடி நன்னாச் சுடறதோன்னோ. ஒரே நாள்ல காஞ்சுடறது."

ஏறிய நான்கு மாடிக்கும் சேர்த்துத் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் கையில் ஒரு பொட்டலம் வடாம் வந்துவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டேன். சூரியனுக்கு ஸ்விட்ச் கிடையாது, அணைக்க வேண்டுமென்றால் ஒரு வேட்டி போதும் என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

பழைய செல்லை ஃபுல் சார்ஜ் ஏற்றியவுடன் அளந்தால் எல்லாமே நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அதனால் எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு செல்லின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி வோல்டேஜை எழுதி, ஏழு நாள் ஷெல்ஃபில் தூங்கப் போடுவோம். எட்டாவது நாள் திரும்ப அளப்போம். எழுதியது எழுதியபடி இருந்தால் நல்ல செல். தானாக இறங்கியிருந்தால் அதற்கு வயிற்றுக்குள்ளே கோளாறு, உள்ளுக்குள் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சார்ஜ் ஏற ஏற அது சூடாகும். ஒருநாள் வெடிக்கவும் செய்யும்.

நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் வெயில், பம்பாய்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாப் ஹில்லிலிருந்து மாலதி என்று ஒரு பெண் வந்தாள். செம்பூரில் ஒரு நகைக்கடையில் பில் போடும் வேலை. கட்டடத்தில் ஏதோ தகராறு என்று அவர்கள் வரிசைக்கே கரண்ட்டை வெட்டிவிட்டார்கள். வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்குப் பக்கவாதம், இடதுபக்கம் விளங்கவில்லை, படுத்த படுக்கை.

"அக்கா, லைட்டுகூட வேணாம். ஒரு சின்ன ஃபேன் ஓடுனாப் போதும். அப்பா முதுகுல புண்ணு வர ஆரம்பிச்சிருச்சு. நான் டியூட்டிக்குப் போனா அவர் வேர்த்துக் கொட்டிட்டே கெடக்காரு."

அவள் அழவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஷெல்ஃபில் அன்று காலையில்தான் தூங்கப் போட்ட செல்கள் இருந்தன. "ஒரு வாரம் ஆகும்னு சொல்லு, ராணி" என்றார் முதலாளி. "ஒரு வாரத்துல அந்த மனுசனுக்கு முதுகே இருக்காது" என்று அவரிடம் பாய்ந்தேன். மூன்று மணி நேரம் கழித்து அளந்து பார்த்தேன். எல்லாம் காலையில் எழுதியபடியே நாலு புள்ளி ஒன்று ஐந்து வோல்ட். பார்த்தீங்களா முதலாளி, தங்கம் மாதிரி இருக்கு என்று அவர் மூக்குக்கு முன்னால் மீட்டரை ஆட்டினேன். பெட்டிக்குள் வைக்கும் சூடு பார்க்கிற சென்சர் அன்று ஸ்டாக் இல்லை. பரவாயில்லை, பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று அதையும் விட்டேன். பெட்டிக்குள் பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதே என்ற தைரியம். சர்க்யூட் வோல்டேஜைத்தான் பார்க்கும், செல்லின் வயிற்றைப் பார்க்காது. இது தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன்.

மறுநாள் சாயங்காலமே போய் மாட்டிவிட்டேன். கூரை ஷீட்டுக்கு மேலே பேனல், ஷீட்டுக்குக் கீழே பரணில் பெட்டி, பரணுக்குக் கீழே கட்டிலில் மாலதியின் அப்பா. அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். முப்பது வருஷம் டாக்சி ஓட்டியவர். ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "தாயி, மெரின் டிரைவ்ல ஜன்னலை இறக்கிவிட்டுப் போற மாதிரில்லா இருக்கு" என்றார். நான் பெருமையில் பூரித்துப்போய்ப் பஸ் ஏறினேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. பூட்டு எங்கே, சாவி யாரிடம் என்றும் கேட்கவில்லை. ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடும் என்று மட்டும் நான்கு தடவை சொன்னேன்.

அடுத்த நாள் ஆயுத பூஜை. முதலாளி ஸ்பேனர், ரம்பம், மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார். ஸ்கூட்டருக்கு மாலை போட்டு, ஹேண்டிலில் சின்ன வாழைக்கன்று கட்டினார். நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு இதில் பங்கு பொரிகடலை மட்டும்தான். மாலதிக்குக் கட்டியதுபோக நான்கு செல் மிஞ்சியிருந்தது. "அதுவும் ஆயுதம்தான்" என்று தட்டில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அன்றைக்கு எதையும் தொடக்கூடாது. தொட்டால் அவருக்குக் கோபம் வராது, முகம் வாடிவிடும். அது இன்னும் மோசம்.

மறுநாள் தசரா. பத்து மணிக்குக் கற்பூரம் காட்டி, தட்டை இறக்கி, மீட்டரை என் கையில் கொடுத்தார். பூஜையிலிருந்து எடுத்த கருவியால் ஒரு வேலையாவது அன்று செய்ய வேண்டும் என்பது அவர் வழக்கம்.

"சாஸ்திரத்துக்கு எதையாவது ஒண்ணை அள, ராணி."

தட்டில் கிடந்த செல்லை எடுத்தேன். டேப்பில் என் கையெழுத்தில் நாலு புள்ளி ஒன்று ஐந்து. மீட்டரில் மூன்று புள்ளி ஏழு. முள் சரியாகப் படவில்லை என்று குங்குமத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே மூன்று புள்ளி ஏழு. அடுத்தது சரியாக இருந்தது. மூன்றாவது, மூன்று புள்ளி ஒன்பது. நான்காவது சரி. நான்கில் இரண்டு ஒழுகுகிறது. அதே மூட்டையில் வந்த நாற்பது செல் ஆண்டாப் ஹில்லில் ஒரு மனிதரின் தலைக்கு மேலே இருக்கிறது.

வாசலில் எட்டிப் பார்த்தேன். வெயில் என்றால் அப்படியொரு வெயில். பிளக்கில் சொருகி ஏற்றுகிற சார்ஜை நாம் வீட்டில் இருக்கும்போதுதான் போடுவோம், பக்கத்திலேயே இருப்போம், ஒரு கண் வைத்திருப்போம். சூரியன் அப்படியில்லை. நாம் வேலைக்குப் போன பிறகுதான் அவர் டியூட்டிக்கு வருவார், நாம் திரும்பி வருவதற்குள் போய்விடுவார். வீட்டில் ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் நம் பெட்டி முழு மூச்சாக சார்ஜ் ஆகும். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, இது எனக்கு அந்த வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

மாலதிக்கு ஃபோன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. தசராவன்று நகைக்கடையில் லீவு கொடுப்பார்களா? வேலை நேரத்தில் ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். முதலாளியும் மீட்டரைப் பார்த்துவிட்டார். "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. பூஜைத் தட்டிலிருந்த கருவிகளை அப்படியே பையில் கொட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். மாலையும் வாழைக்கன்றுமாக நாங்கள் பறந்தோம். சயான் சிக்னலில் ஒரு போலீஸ்காரர் எங்களைக் கல்யாண மாப்பிள்ளை பெண் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

இரும்பு ஏணி ஏறி முதல் மாடி. கதவில் வெளிப்பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் அண்ணாச்சி ஜம்மென்று ஃபேன் காற்றில் படுத்திருக்கிறார்.

"அண்ணாச்சி! நல்லா இருக்கீங்களா?"

"தசரா வாழ்த்து சொல்லவா வந்த, தாயி? நல்லாத்தான் இருக்கேன். காத்து பிரமாதம்."

"உள்ள ஏதாச்சும் வாடை அடிக்கா? இனிச்சாப்ல, நெயில் பாலிஷ் மாதிரி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நேத்து மத்தியானத்துலேந்து அடிக்கி. மாலதி நகத்துக்குப் போடுத மருந்துன்னு நெனச்சேன். நகைக்கடைல வேலை பாக்குத பிள்ளைல்லா."

செல் வாயைத் திறந்தால் வருகிற வாடை அது. மாலதி நகத்துக்கு ஒன்றும் பூசுகிறவள் இல்லை, அந்தக் கைக்குட்டையை மடித்த விரல்களை நான் பார்த்தேனே.

முதலாளி ரம்பத்தை எடுத்துப் பூட்டில் வைத்தார். நான் கூரைக்கு ஏறினேன். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா கைப்பிடிச் சுவரில் துவைத்த கோதடியைக் காயப் போட்டிருந்தார். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த கனத்த போர்வை, தெரியும் இல்லையா? கேட்கக்கூட இல்லை, உருவிக்கொண்டேன். "காய் ஜாலா? காய் ஜாலா?" என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவர் பின்னாலேயே வந்தார். ஈரக் கோதடியைப் பேனல் முழுவதும் போட்டு மூடினேன். மாட்டுங்கா மாமிக்கு ஒரு கும்பிடு. அவசரத்தில் பரணில் ஏறி முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கத்தான் எவனுக்கும் கை போகும். வெயில் பேனலில் இருக்கும்போது அதைச் செய்தால் சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் புகையும், ஒயர் நுனியில் பொறி பறக்கும். முதலில் சூரியனை மூடு, பிறகு மற்றதெல்லாம்.

கீழே பூட்டு அறுந்துவிட்டது. முதலாளி பரணைப் பார்த்துப் பாய்ந்தார். வாழ்க்கையில் ஒரே தடவை அவரை "ஏல, நில்லு" என்று கத்தினேன். ஆள் முதலில், பெட்டி பிறகு. பெட்டியைத் தூக்கும்போது அது கையிலேயே பற்றிக்கொண்டால், கட்டிலில் கிடப்பவர் எழுந்து ஓடுவாரா? விரிப்போடு சேர்த்து நான்கு பேர் தூக்கினோம். மராட்டிக்கார அம்மா ஒரு மூலை, சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மூலை.

"லுங்கி, லுங்கி! பொம்பளையாளுக நிக்காங்கல்லா, லுங்கியைச் சரியாக் கட்டுங்க வே!" என்று முதலாளியிடம் அண்ணாச்சி கூப்பாடு போட்டார். உயிர் போகிற நேரத்தில் மானத்தைக் காப்பாற்றி, அவரை நடைபாதையின் கடைசியில் கொண்டுபோய்க் கிடத்தினோம்.

பிறகு நான் பரணில் ஏறினேன். பெட்டியைப் புறங்கையால் தொட்டேன். தோசைக்கல் அளவுக்கு இல்லை, ஆனால் கையை வைத்திருக்க முடியவில்லை. சீறல் இல்லை, புகை இல்லை. பேனல் ஒயரைக் கழற்றினேன், பிறகு பேட்டரி ஒயரை, ஒவ்வொரு நுனிக்கும் உடனே தனித்தனியாக டேப். அந்த நொடி, வெளியே கிடந்த மனிதர் சொன்னது இவ்வளவுதான்:

"ஃபேன் நின்னுட்டு."

ஈரச் சாக்கில் சுற்றி, இரும்புத் தொட்டியில் வைத்து, முதலாளியும் நானும் ஏணியில் பைய இறங்கினோம். இது சரியா என்று நீங்கள் கேட்பீர்கள். சரியில்லை. சூடான பெட்டியைத் தூக்கவே கூடாது. ஆட்களை விலக்கி, எட்டி நின்று, தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டோம், ஆனால் அந்தச் சந்தில் வண்டி நுழையாது என்பது தெரியும். சுவரோடு சுவர் ஒட்டி இருபது வீடு. சீறல் கேட்டிருந்தால் நானும் தொட்டிருக்க மாட்டேன். அது கேட்காத அந்த ஐந்து நிமிடத்தை வைத்து நான் சூதாடினேன், ஜெயித்தேன். நீங்கள் ஆடாதீர்கள்.

சந்தை ஒட்டிய மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களை விரட்டிவிட்டு நடுவில் தொட்டியை வைத்து வந்தோம். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், கிறுக்கச்சி என்று எழுதியே இருந்தது. அப்புறம் குக்கர் விசில் அடிக்கப் போகிற மாதிரி ஒரு சீறல், குபுகுபுவென்று வெள்ளைப் புகை, ஆள் உயரத்துக்கு ஒரு தீ. ஒரு செல், அடுத்த செல் என்று சடசடத்தது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே நடைபாதையிலிருந்து ஒரு குரல்:

"என்ன தாயி, சாயங்காலம் கொளுத்த வேண்டிய ராவணனைக் காலையிலேயே கொளுத்திட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு வந்து, தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சியைத் திரும்பக் கட்டிலில் கொண்டுவந்து போட்டோம். ஷீட்டுக்குக் கீழே அறை கொதித்தது. அவர் முகத்தில் முத்து முத்தாக வேர்வை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"அது நகத்து மருந்து இல்லைன்னு எனக்குத் தெரியும், தாயி. முப்பது வருசம் வண்டி ஓட்டினவன், ஒயர் கருகுத வாடை, பேட்டரி வாடை எனக்குத் தெரியாதா? சொன்னா நீ வந்து ஃபேனைக் கழத்திட்டுப் போயிருவ. அதாம் சொல்லலை."

நான் கட்டிய பெட்டி அவரைக் கொல்லப் பார்த்தது ஒரு பக்கம். அது தெரிந்தும் அந்தக் காற்றுக்காக ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார், பூட்டிய கதவுக்குள்ளே.

முதலாளி எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் கை நிறைய கிரீஸோடு திரும்பி வந்தார். கையில் ஸ்கூட்டர் பேட்டரி. குங்குமப் பொட்டும் அதில் ஒட்டிய ஒரு சாமந்தி இதழும் அப்படியே இருந்தன. ஃபேன் ஒயரை அதில் மாட்டினார். ஃபேன் சுற்றியது.

"மாலதி வார வரைக்கும் தாங்கும்" என்றார்.

அண்ணாச்சி ஃபேனைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "அப்ப உம்ம வண்டிக்கு ஹாரன் எப்படி வே அடிக்கும்? பம்பாய்ல ஹாரன் இல்லாமப் போறதும் வேட்டி இல்லாமப் போறதும் ஒண்ணு."

அன்று முதலாளி கிக்கரை உதைத்து வண்டியைக் கிளப்பி, தாராவி வரைக்கும் "பாஜூ! ஏ பாஜூ ஹடோ!" என்று வழிவிடச் சொல்லி வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போனார். பின்னால் உட்கார்ந்து நானும் கூடக் கத்தினேன்.

சாயங்காலம் மாலதி அறுந்த பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தாள். நான் முழுதும் சொன்னேன், எதையும் குறைக்கவில்லை. அவள் திட்டினாள், அதையும் வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் தூங்கவைத்த செல்லில், சூடு பார்க்கும் சென்சரோடு புதுப் பெட்டி கட்டிக்கொடுத்தோம். பரணில் இல்லை, வெளிச்சுவரில், நிழலில், இரும்புக் கூட்டுக்குள். இன்னொரு சாவி மராட்டிக்கார அம்மாவிடம். கோதடியை எப்போது போட வேண்டும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த மூன்று வாரமும் ஒரு பழைய லெட் ஆசிட் பேட்டரியை ஒன்றுவிட்டு ஒருநாள் கடையில் சார்ஜ் செய்து, நான்தான் ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறினேன். என் இடுப்பு வலிக்குக் காரணம் கேட்பீர்களே, அதுதான்.

செல்லைத் தூங்கப் போடுங்கள், ஆள் இருக்கும் இடத்துக்கு மேலே பெட்டி வைக்காதீர்கள், பகலில் வீட்டில் யார் என்று கேளுங்கள். இதெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, நீங்களும் வாசிக்காமல் தாண்டிப் போகிறீர்கள். ஒட்டாதது ஒன்று உண்டு. ஒருத்தர் வீட்டுக்கு ஃபோன் போட்டு "ஏதாச்சும் வாடை அடிக்கா?" என்று கேட்பதற்கு முன்னால், கழற்றினால் பதிலுக்கு மாட்ட ஒரு பேட்டரி கையில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் கேளுங்கள். அப்போதுதான் உண்மையைச் சொல்வார்கள்.